ஊதா லேபிள் காமிக்ஸ்: விலை ஏறும் நேரத்தில் வாங்கலாமா?

நெல்லைச்சீமை (நியூஜெர்சி) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கே நாம் முத்து, லயன், ராணி காமிக்ஸ் என்றுதான் அதிகம் பேசுவோம். இது கொஞ்சம் வெளியூர் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1963 மார்ச் தேதியிட்ட 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழ் ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. (நம் ஊரில் ஸ்பைடர் என்றால் லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடர்தான் நினைவுக்கு வரும். இது பீட்டர் பார்க்கர்.) சிஜிசி நிறுவனம் தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிக் கொடுத்த பிரதி. ஆனால் மேலே இருப்பது ஊதா லேபிள். பழுதுபார்க்கப்பட்டது என்று அர்த்தம். வேலையின் தரம் ஏ, அளவு 2. முகப்பில் சில இடங்களில் வண்ணம் தொட்டிருக்கிறார்கள், கிழிசல்களை ஒட்டியிருக்கிறார்கள், முதுகைப் பலப்படுத்தியிருக்கிறார்கள்.

பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. இதே அழகில் பழுதுபார்க்காத, நீல லேபிள் பிரதி வேண்டுமென்றால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது, வீட்டிலும் சம்மதம். ஆனால் இங்கே காமிக்ஸ் வாங்கும் நண்பர் ஒருவர், "ஊதாவா? தொடவே தொடாதே" என்கிறார். இன்னொருவரோ பழுதுபார்த்த பிரதிகளின் விலையும் இப்போது ஏறுகிறது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வன்னிமரம் (டொராண்டோ) எழுதியது:

உங்கள் முதல் நண்பர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. 1980களிலும் 90களிலும் பழுதுபார்ப்பது தப்பான காரியமாகவே கருதப்படவில்லை. பழைய எண்ணெய் ஓவியத்தைச் சுத்தம் செய்வதுபோல, நல்ல கைவேலை என்று அதற்கென்றே ஆட்களைத் தேடிப் போய்க் கொடுத்தார்கள். கிழிந்த மூலைக்குப் புது மூலை, மங்கிய முகப்புக்கு வண்ணம், துருப்பிடித்த பின்னுக்குப் புதுப் பின். செய்ததை விற்கும்போது சொன்னவர்களும் உண்டு, சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிப் போனவன், பத்து வருடம் கழித்துத்தான் மூலை ஒட்டு மூலை என்று கண்டுபிடித்தான்.

2000-இல் அமெரிக்காவில் சிஜிசி தொடங்கியது. மூன்றாவது ஆள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து 10-க்கு இத்தனை என்று எண் போட்டு, பெட்டிக்குள் அடைத்து முத்திரை வைத்துக் கொடுப்பது என்ற முறை வந்தது. கை படாத பிரதிக்கு நீலம், பழுதுபார்த்ததற்கு ஊதா. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் ஒரே நாளில் நிறமாகத் தெரிந்தது. ஊதா லேபிள் விழுந்தால் புத்தகத்துக்குச் சாவோலை வந்ததுபோல என்று சேகரிப்பவர்கள் பேசிக்கொள்கிற அளவுக்குப் போனது. கிழிசல் ஒட்டிய ஒரு புத்தகமும், பாதி முகப்பைப் புதிதாக வரைந்த ஒரு புத்தகமும் அதே ஊதாவுக்குள் அடைபட்டன.

நானும் அந்தக் காலத்தில் அடிபட்டவன். பெயர் வேண்டாம், ஒரு வியாபாரியிடம் வாங்கிய 1960களின் இதழ் ஒன்றைத் தரம் பார்க்க அனுப்பினேன். ஊதாவாகத் திரும்பி வந்தது. ஓரம் வெட்டப்பட்டிருந்ததாம். எனக்குப் பணம் போனதைவிட, அதுவரை அதை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே என்பதுதான் வலித்தது.

சுவடிக்காரன் எழுதியது:

நான் காமிக்ஸ் வியாபாரி இல்லை. ஒரு நூலகத்தில் பழைய காகிதம், ஓலைச்சுவடி பராமரிக்கும் வேலை. அதனால் ஊதா, நீலம் என்பதற்கு முன்னால் காகிதத்துக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

அந்தக் கால காமிக்ஸின் உள்பக்கங்கள் எல்லாமே மலிவான செய்தித்தாள் காகிதம். மரக்கூழை அரைத்துச் செய்தது, லிக்னின் என்ற பொருள் அப்படியே உள்ளே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலம் சேரும். அமிலம் நார்களை அறுக்கும். ஒருநாள் பக்கத்தைத் திருப்பும்போது அப்பளம்போல் நொறுங்கும். 10 சென்டுக்கும் 12 சென்டுக்கும் விற்ற புத்தகம். அறுபது வருடம் தாங்கவேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

முறையாகப் பழுதுபார்ப்பவர் என்ன செய்வார் என்றால், நீளமான நார் உள்ள மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் விளிம்பு தடிக்கும்), கோதுமை மாவுச் சத்தில் காய்ச்சிய பசையால் கிழிசலின் பின்புறம் ஒட்டுவார். இந்தப் பசையின் அருமை என்னவென்றால், நாளைக்கு வேண்டாம் என்றால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான்: செய்த வேலையைத் திரும்ப எடுக்க முடியவேண்டும். ஓட்டை விழுந்த தாளுக்குக் காகிதக் கூழை நீரோடு விட்டு அந்த இடத்தை மட்டும் நிரப்பும் முறையும் உண்டு.

சிஜிசி லேபிளில் உள்ள ஏ, பி, சி இதைத்தான் சொல்கிறது. நல்ல பொருள், நல்ல கை என்றால் ஏ. மார்க்கர் பேனாவால் கறுப்பைத் தடவியது, கடைப் பசையால் ஒட்டியது எல்லாம் சி. பக்கத்திலுள்ள 1 முதல் 5 வரை எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பதற்கு. ஆக, ஏ-2 என்பது நல்ல கையால் குறைவாகச் செய்த வேலை. சி-5 என்பது வேறு உலகம். இரண்டும் ஊதாதான் என்பதால் லேபிள் நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்.

புத்தகத்தைக் காப்பாற்ற மட்டும் செய்த வேலைகளை (கிழிசல் ஒட்டுவது, பின்னைச் சுத்தம் செய்வது, முதுகைப் பலப்படுத்துவது) அழகுக்காகச் செய்த வேலைகளிலிருந்து பிரித்து, அவற்றுக்கென்று தனி லேபிளே பின்னாளில் வந்துவிட்டது. என் மனதுக்கு அது சரியான பிரிவு. உங்கள் பிரதியில் வண்ணம் தொட்டிருப்பதால்தான் ஊதாவுக்குப் போயிருக்கிறது.

வட்டிக்கணக்கு எழுதியது:

விலை விஷயத்தை நான் சொல்கிறேன். 1938-இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 1, சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழ். 2010-இல் 8.0 தரப் பிரதி 10 லட்சம் டாலருக்குப் போனது. 2014-இல் 9.0 பிரதி 32 லட்சம் டாலர். 2024 ஏப்ரலில் 8.5 பிரதி 60 லட்சம் டாலர். ஸ்பைடர்மேன் முதலில் தலைகாட்டிய 1962-ஆம் வருட 'அமேஸிங் ஃபேன்டஸி' 15, 2021-இல் 36 லட்சம் டாலர். 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' 1, 91.2 லட்சம் டாலர். அது கலிஃபோர்னியாவில் ஒரு தாயின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்த புத்தகம். அவர் போனபிறகு மகன்கள் கண்டெடுத்தார்கள்.

எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் வாங்க முடியாததற்குக் காரணம், பிரதிகளே கிடைப்பதில்லை என்பதுதான். 'ஆக்‌ஷன்' 1 இன்று சுமார் 100 பிரதிகள்தான் மிஞ்சியிருக்கும் என்று கணக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழைய காகிதத்தை வீடு வீடாக வசூலித்தார்கள், பிள்ளைகளே காமிக்ஸைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மிச்சத்தில் பல பிரதிகள் எப்போதோ பழுதுபார்க்கப்பட்டவை. சுத்தமான பிரதி ஆகாயத்துக்குப் போனதும், ஆசைப்பட்டவர்கள் தரம் குறைந்த பிரதிக்கு இறங்கினார்கள். அதுவும் எட்டாமல் போனதும் ஊதாவுக்கு வந்தார்கள். ஊதா விலை ஏறியது இப்படித்தான். ஊதா மேல் இருந்த வெறுப்பு போய்விட்டதால் ஏறவில்லை.

அதனால் ஏற்றம் எல்லா ஊதாவுக்கும் கிடையாது. முதல் தோற்றம், முதல் இதழ் மாதிரி பத்து இருபது புத்தகங்களுக்குத்தான். 1960களின் சாதாரண இதழ் ஒன்றைப் பழுதுபார்த்து ஊதாவில் வைத்திருந்தால் இன்றைக்கும் சீந்த ஆள் இல்லை. கொரோனா காலத்தில் எல்லா காமிக்ஸும் ஏறி 2022-க்குப் பிறகு இறங்கியபோது அதைக் கண்ணால் பார்த்தோம்.

உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 1 அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. பிரதிகள் தாராளமாக வருகின்றன, வாங்க ஆட்களும் தாராளம். இதே பணத்துக்குக் கசங்கிய, மூலை மடங்கிய, ஆனால் கைபடாத நீல லேபிள் பிரதி கிடைக்கும். நாளைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் அதுதான் நல்லது. விற்கும் எண்ணமே இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் ஊதாவில் தப்பில்லை. இதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

பழைய மூர்மார்க்கெட் எழுதியது:

தம்பிகளா, இந்த ஓரம் வெட்டுகிற பேச்சு வந்ததும் எனக்கு மனசு எங்கேயோ போய்விட்டது. வயது அறுபத்தேழு. 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்ததிலிருந்து வாங்கியவன். விட்டுப்போன இதழ்களை மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி எடுத்தேன், 1985-இல் அது எரிந்துபோகும்வரை.

அருமையான புத்தகம் என்றால் அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்வோம்? பைண்டிங்குக்குக் கொடுப்போம். எங்கள் தெருக்கோடியில் ஒரு பைண்டர் இருந்தார். பத்துப் பத்து இதழாக அடுக்கி, பின்னைக் கழற்றி, பக்கத் தையல் போட்டு, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, காலிகோ ஒட்டி, கடைசியில் மூன்று பக்கமும் சீவிக் கொடுப்பார். சீவியபின் அந்த ஓரம் சவரம் செய்த கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும். கையால் தடவித் தடவிப் பார்ப்பேன். புத்தகத்துக்கு நல்லது செய்தோம் என்ற நிறைவு.

போன வருடம் ஒரு இளைஞர் வீட்டுக்கு வந்து பார்த்தார். முதல் கேள்வியே, "பைண்ட் பண்ணாத பிரதி ஏதும் இருக்கா ஐயா?" இல்லை. எல்லாம் பைண்ட். அவர் மரியாதையாகத்தான் கிளம்பினார். ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் ஊதா லேபிள் ஒட்டித் தள்ளிவைக்கிற அதே காரியத்தை, காசு கொடுத்து, ஆசையாக, நாற்பது தொகுதிக்குச் செய்து வைத்திருக்கிறேன்.

சுவடிக்காரர் ஐயா, தையலைப் பிரித்துத் தனித்தனி இதழாக ஆக்கிவிட முடியுமா?

சுவடிக்காரன் எழுதியது:

ஐயா, பிரிக்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

தையல் துளை போட்ட பக்கம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், பிரித்தால் அந்த ஓரமும் போகும். சீவிய ஓரம் எப்படியும் திரும்பி வராது. அதே சமயம், நடந்ததில் ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். அட்டைக்குள் இறுக்கமாக இருந்ததால் பக்கங்களுக்கு வெளிச்சமும் காற்றும் குறைவாகவே பட்டிருக்கும். அந்தத் துத்தம் பூச்சியை விரட்டியிருக்கும். பைண்ட் செய்யாமல் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டவர்கள் பலரிடம் இன்று ராமபாணம் தின்ற தூள்தான் இருக்கிறது. உங்களிடம் நாற்பது தொகுதி இருக்கிறது. அட்டைகள் கிழிக்கப்படாமல் உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பைண்டர் போட்ட மைதாப் பசைக்கும் நாங்கள் பயன்படுத்தும் கோதுமைப் பசைக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். அவர் கையில் குற்றம் இல்லை. அன்றைக்கு யாரும் அந்த இதழ்களைத் தனிப் பொருளாகப் பார்க்கவில்லை, படித்து முடித்த கதைகளைத் தொகுத்து வைத்தார்கள்.

காவிரிக்கரை (திருச்சி) எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பா வைத்துவிட்டுப் போன பழைய முத்து காமிக்ஸ் பதினாறு என்னிடம் இருக்கிறது. பைண்ட் செய்யவில்லை. ஆனால் முதுகு முழுக்க செலோடேப். அது தேன் நிறமாகிக் காய்ந்து, சில இடத்தில் தானாகவே உரிகிறது. மிச்சத்தையும் உரித்துவிட்டு லேமினேஷன் செய்து வைக்கலாமா என்று கடையில் கேட்டேன், செய்துதருகிறேன் என்றார்கள். செய்யட்டுமா?

சுவடிக்காரன் எழுதியது:

அம்மா, லேமினேஷன் கூடவே கூடாது. அது சூட்டில் உருகிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் உள்ளேயே இருந்து வேலை செய்யும்.

டேப்பையும் நீங்கள் உரிக்காதீர்கள். தானாக உரிந்த துண்டை மட்டும் எடுத்துவிடலாம். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுத்தால் அச்சு மையும் கூடவே வரும். அதை எடுக்க மிதமான சூடும் சரியான கரைப்பானும் பழகிய கையும் வேண்டும். பழைய செலோடேப் இட்ட மஞ்சள் கறை பெரும்பாலும் முழுதாகப் போகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போதைக்கு ஒவ்வொரு இதழையும் பாலியெஸ்டர் உறையில் (மைலார் என்று கேளுங்கள்) அமிலமில்லாத அட்டை ஒன்றை முதுகுக்குக் கொடுத்து வையுங்கள். சாதாரண பாலித்தீன் பை வேண்டாம். மழைச் சாரல் படும் சுவரையொட்டிய பீரோ வேண்டாம். வேப்பிலை, அந்துருண்டை எதையும் காகிதத்தோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வன்னிமரம் எழுதியது:

நெல்லைச்சீமை தம்பிக்கு இன்னொரு விஷயம். ஊதா விலை ஏறியதும் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஊதா பிரதியை வாங்கி, தொட்ட வண்ணத்தைச் சுரண்டி, ஒட்டிய துண்டைப் பிரித்து எடுத்து, மறுபடி தரத்துக்கு அனுப்புகிறார்கள். தர எண் சரிந்தாலும் நீல லேபிள் கிடைத்துவிட்டால் லாபம். இதை ஒரு சேவையாகவே செய்து கொடுக்கிறார்கள். முப்பது வருடம் முன்பு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து மூடிய ஓட்டையை, லேபிள் நிறத்துக்காகத் திரும்பத் திறக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

வட்டிக்கணக்கு எழுதியது:

மார்க்கர் பேனாவால் தடவிய கறுப்பை எடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை அண்ணா. அது பழுதுபார்த்ததே இல்லை, ஏமாற்று. ஆனால் ஏ தர வேலையைக் கலைப்பது வீண்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் அடைக்காத பிரதி வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள், தொட்ட மை அங்கே ஊறித் தெரியும். புற ஊதா விளக்கில் பிற்கால வண்ணமும் பசையும் தனியாக ஒளிரும். பின்னைச் சுற்றித் துருக்கறை இருக்கிறது, பின் மட்டும் பளபளக்கிறது என்றால் மாற்றியது. அதே மாத இதழ் வேறொன்றை மேலே வைத்து ஓரங்களை ஒப்பிடுங்கள். 60களின் மார்வெல் அட்டைகளில் அச்சகத்திலேயே வலது ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருப்பது சகஜம். அதை மறைக்கத்தான் பலர் சீவினார்கள். அதனால் ஓரம் கத்தியால் கீறியதுபோல் நேராக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அளந்து பாருங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் யோசித்தேன். கசங்கிய நீல லேபிள் பிரதி ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்தேன். வட்டிக்கணக்கு சொன்னதுபோல் பணத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம், தெரிகிறது. ஆனால் முகப்பில் பாதி பெயர்ந்துபோய், ஸ்பைடர்மேன் முகம் குறுக்கே மடிப்பு. எனக்கு விற்கும் எண்ணம் இல்லை.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஓரம் வெட்டியிருக்கிறதா என்று. லேபிளிலும் இல்லை, அவரும் இல்லை என்றார். வாங்கிவிட்டேன். நேற்று வந்தது.

இரவு மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன். கீழ் மூலையிலிருந்து மேலே இரண்டு விரற்கடை தூரம் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடுகிறது. கிழிசலை ஒட்டிய இடம். விளக்கை நேராக வைத்தால் மறைந்துவிடுகிறது. மூர்மார்க்கெட் ஐயா, அடுத்த ஜனவரியில் ஊருக்கு வரும்போது உங்கள் தொகுதிகளைப் பார்க்க வரலாமா?

பழைய மூர்மார்க்கெட் எழுதியது:

தாராளமாக வாப்பா. வரும்போது சுவடிக்காரர் சொன்ன அந்த உறை கொஞ்சம் வாங்கி வா, திருச்சிப் பொண்ணுக்கும் சேர்த்து. என்ன விலை என்று சொல்லு, கொடுத்துவிடுகிறேன்.